பாடத்தின் முதல் ஒலி

“கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு விஷயம் பேசிடணும். வீட்டுக்குள்ள வந்துட்டா நான் டாக்டர் இல்ல.”

“அப்ப யாரு?”

“சும்மா ஒரு ஆளு. சாப்பிடுவேன், தூங்குவேன், சண்டை போடுவேன்.”

“எனக்குக் காய்ச்சல் வந்தா?”

“பக்கத்துத் தெருவுல ஒரு டாக்டர் இருப்பாரு. அவர்கிட்ட போங்க.”

“இடுப்பு பிடிச்சுக்கிட்டா?”

“அதுக்கும் அவரேதான்.”

“சரி, அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன் கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா நானும் தொட மாட்டேன். அதே பக்கத்துத் தெருவுல ஒரு கடை இருக்கும்.”

பதினோரு வருடங்களுக்கு முன்னால், இரண்டு கோப்பை காப்பி ஆறிப் போகும் வரை சிரித்துக்கொண்டே போட்ட ஒப்பந்தம் அது. அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்தே சொந்தக்காரர்கள் அவளை நடமாடும் ஆஸ்பத்திரியாக மாற்றிவிட்டார்கள். ஒரு விருந்தில் பெரியப்பா, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் நாக்கை நீட்டி “இது ஏன் வெள்ளையா இருக்கு?” என்று கேட்டதிலிருந்து அவளுக்கு வெறுத்துவிட்டது. தன் வீடு என்று ஒன்று வந்தால் அங்கே யாரும் நாக்கை நீட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

அவனும் நீட்டவில்லை. பதினோரு வருடங்களில் ஒரு தும்மலுக்குக்கூட அவளிடம் மருந்து கேட்டதில்லை. அவளுடைய கணினியையும் தொட்டதில்லை.

தொட்டதில்லை என்றுதான் இந்தப் புதன்கிழமை மதியம் வரை அவள் நம்பியிருந்தாள்.

இப்போது அவளுக்கு முன்னால் மேசையில் எண்பது மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் கிடந்தது. மருத்துவக் கல்லூரியில் பாடத் தயாரிப்புப் பிரிவை நடத்துகிறவன் அவள் கணவன். மாணவர்கள் இதய ஒலிகளைக் கேட்டுப் பழக அவன் ஒரு கணினிப் பாடம் செய்திருந்தான். திரையில் ஒரு மார்பு தெரியும். மாணவர் ஸ்டெதஸ்கோப்பை அதில் எங்கே வைக்கிறாரோ அங்கே கேட்கும் ஒலி ஹெட்போனில் வரும். இருபத்து மூன்று ஒலிகள். முதலாவது நோயில்லாத இதயம், மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு. நாற்பது பேர் வழக்கம்போல் வகுப்பிலும் வார்டிலும் படித்தார்கள். நாற்பது பேர் இந்தப் பாடத்தில் படித்தார்கள். கணினி அறையில் இருபது நாற்காலிதான் என்பதால் முதல் மாதம் இருபது பேர், அடுத்த மாதம் இருபது பேர். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. பாடம் தேறியதா இல்லையா என்று எழுதி, நாளை காலை பத்து மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கணவன் செய்ததை மனைவி மதிப்பிடுவதா என்று அவளேதான் முதலில் கேட்டாள். துறையின் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இந்தக் காலேஜ்ல உன்னை விடச் சந்தேகப்படற ஆளு யாரு இருக்கா? பசங்க உனக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு தெரியும்ல? ஆதாரம் மேடம். உன் கண்ணுக்குத் தப்பிச்சா யார் கண்ணுக்கும் தப்பிச்சிரும். அவர் உன் வீட்டுக்காரர்னு முதல் வரியிலயே எழுதிடு, அவ்வளவுதான்.”

எழுதியும் விட்டாள். முடிவுகளும் நன்றாகவே இருந்தன. பாடத்தில் படித்தவர்கள் ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் முந்தியிருந்தார்கள். ஏழாவது கேள்வி ஒன்றுதான் இடித்தது.

வால்வு லேசாகச் சுருங்கிய ஒரு நோயாளியின் ஒலி அது. வகுப்பில் படித்த நாற்பது பேரில் இருபத்தொன்பது பேர் சரியாகச் சொல்லியிருந்தார்கள். கணினியில் படித்த முதல் மாதத்து மாணவர்களில் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். மீதிப் பதினேழு பேரும் ஒரே குரலில், ‘நோயில்லை, இயல்பான ஒலி’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் மாதத்து மாணவர்களில் பத்தொன்பது பேர் சரி.

மூன்று, பத்தொன்பது. அதே பாடம், அதே நாற்காலிகள், அதே தேர்வு. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேர்வுக் கேள்விகள் அவளுடைய கணினியில்தான் இருந்தன. இரண்டாம் மாதத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அவற்றைத் தேர்ந்தெடுத்தாள். மூடாமல் குளிக்கப் போனதுண்டு, மகளை அழைத்து வரக் கீழே இறங்கியதுண்டு. அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்ததும் உண்டு. ஏழாவது கேள்வியை அவன் எட்டிப் பார்த்து, அந்த ஒலியைப் பாடத்தில் அழுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தால்? அவன் பாடம் தேறும், பத்துக் கல்லூரிகளுக்குப் போகும். அவள் கையெழுத்தோடு போகும்.



சந்தேகம் வந்துவிட்டால் பழையதெல்லாம் தூசு தட்டிக்கொண்டு எழுந்து வரும் அல்லவா? அவளுக்கும் வந்தது. இரண்டு மாதமாகவே அவன் சரியில்லை. அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இப்போதெல்லாம் மாலையில் அவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுகிறான். கையில் கைப்பேசி. ஒரு நாள் அவள் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது அதைச் சட்டென்று காதில் வைத்துக்கொண்டான், ஆனால் பேசவில்லை.

பிறகு அந்த இன்னொன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் அவன் மார்பில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பது அவளுடைய பதினோரு வருடப் பழக்கம். இரண்டு மாதமாக அவன் மெல்ல அவள் தலையை நகர்த்தித் தலையணையைக் கொடுக்கிறான். “வேர்க்குதும்மா” என்கிறான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்ன வேர்வை?

“அப்பா மேல கோவமா?” என்று ஒன்பது வயது மகள்கூடக் கேட்டுவிட்டாள். “நீ அந்த மூலையில உக்காந்திருக்க, அவர் இந்த மூலையில. நடுவுல நான் ரயில்வே கேட் மாதிரி.”

மனசாட்சி உறுத்துகிறவன்தான் நெருங்க விட மாட்டான் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது. பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனாள்.

அந்த அறையைக் காப்பவருக்கு நோட்டண்ணன் என்று பெயர். அறையில் நாற்காலி நகர்ந்தால்கூட நோட்டில் எழுதி வைப்பவர். இத்தனை கணினிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எதற்கு நோட்டு என்று கேட்டால், “கரண்ட் போனா எது பேசும்?” என்பார்.

“அண்ணே, இதயப் பாடத்துல நடுவுல ஏதாவது மாத்தினாங்களா?”

“ஒரே ஒரு தடவ. சார்தான் மாத்தினாரு.” நோட்டைப் புரட்டினார். “இந்தா பாருங்க, ரெண்டாவது மாசம் பசங்க உக்கார்றதுக்கு முன்னால, திங்கக்கிழமை. ஒண்ணாம் நம்பர் ஒலி எடுக்கப்பட்டது, வேறு ஒலி வைக்கப்பட்டது.”

தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கேள்விகளை அவள் தேர்ந்தெடுக்க உட்கார்ந்ததே அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான். அதற்கு முன்னால் ஏழாவது கேள்வி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

அவன் திருடவில்லை. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. மாற்றியது ஒன்றாம் ஒலி; நோயில்லாத இதயம். அதை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றியதை ஏன் மதிப்பிடுகிறவளிடம் சொல்லவில்லை? சோதனை நடக்கும்போது பாடத்தில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்று அவளே அவனுக்குக் கடிதம் கொடுத்திருந்தாள்.

“மாத்தும்போது ஏதாவது சொன்னாரா?”

நோட்டண்ணன் குரலைத் தாழ்த்தினார். அறையில் வேறு யாரும் இல்லை; ஆனாலும் தாழ்த்தினார். “அதை எப்படிச் சொல்றது மேடம்… முதல் மாசப் பசங்க எழுதிக் கொடுத்த கருத்துத் தாளைப் படிச்சிட்டிருந்தாரு. ஒரு பையன் எழுதியிருந்தான், ஒண்ணாவது ஒலிக்கும் பதினாலாவது ஒலிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலன்னு. படிச்சுட்டுச் சிரிச்சாரு. காதைக் கழுவச் சொல்லுங்கண்ணேன்னாரு. அப்புறம் சும்மா ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேட்டாரு. ஒண்ணு, பதினாலு. ஒண்ணு, பதினாலு. ஒரு மணி நேரம். எந்திரிக்கும்போது பேயறைஞ்ச மாதிரி இருந்தாரு. டீ வேணுமான்னேன். காதுல விழல.”

“பழைய ஒண்ணாவது ஒலி இருக்கா?”

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? வெட்டினது, வெட்டாதது, எல்லாமே இருக்கு. இந்த அறையை விட்டு எதுவும் போகாது.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். லப், டப். லப், டப். இருபது விநாடி வரை ஒன்றும் இல்லை. பிறகு காது பழகியது. லப்புக்கும் டப்புக்கும் நடுவில், யாரோ உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவதைப் போல, ஸ்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் ஸ்ஸ். வால்வு சுருங்கிய நோயைக் காட்டும் பதினான்காவது ஒலியைப் போட்டுப் பார்த்தாள். அண்ணன் தம்பி போல ஒரே ஜாடை.

ஆக, முதல் மாதத்துப் பதினேழு மாணவர்களும் முட்டாள்கள் இல்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். நோயுள்ள ஒரு இதயத்தைப் போட்டு, இதுதான் நல்ல இதயம் என்று பாடமே சொல்லிக் கொடுத்திருக்கிறது. இவன் கவனக்குறைவாக எவனோ ஒரு நோயாளியின் ஒலியை வைத்துவிட்டு, குட்டு வெளிப்பட்டதும் சத்தமில்லாமல் மாற்றி மூடி மறைத்திருக்கிறான். அப்படித்தானே?

“ஒலிகளைச் சரிபார்த்த தாள் இருக்குமே. அதை எடுங்கண்ணே. யாரு இதை நல்ல ஒலின்னு ஒத்துக்கிட்டாங்கன்னு பாக்கணும்.”

நோட்டண்ணன் தாளை எடுத்தார். நீட்டத் தயங்கினார். அவளே வாங்கிக்கொண்டாள்.

இரண்டு முதல் இருபத்து மூன்று வரை ஒவ்வொன்றின் எதிரிலும், அவளோடு உட்கார்ந்து கேட்ட இதய மருத்துவரின் குறிப்பு, மறுபடி கேட்ட தேதி, திருத்தம், மேல் திருத்தம். அவள் எவ்வளவு குடைந்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. ஒன்றாம் வரியில் எந்தக் குறிப்பும் இல்லை. ஒரே ஒரு சரிக்குறி. பக்கத்தில் அவளுடைய சுருக்கக் கையெழுத்து.

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நேரமாகிவிட்டிருந்தது. நோய் ஒலிகளையெல்லாம் கேட்டு முடித்திருந்தார்கள். “ஒண்ணாவது நார்மல்தானே, அதுல என்ன கேக்கறது” என்று சொல்லிக்கொண்டே பேனாவை மூடுவதற்கு முன்னால் ஒரு கீறல் போட்டவள் அவளேதான். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற ஆதாரம் மேடம், இயல்பானது என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் காதைத் திருப்பிக்கொண்டாள்.

“என் தலையெழுத்து” என்றாள்.

“கையெழுத்து மேடம்” என்றார் நோட்டண்ணன் பாவமாக.

அவளால் சிரிக்க முடியவில்லை. “இந்த ஒலி யாருதுண்ணே? எந்த வார்டு?”

“வார்டு இல்ல மேடம். ஆஸ்பத்திரியில நோயில்லாதவங்களுக்கு எங்க போறது? சார் இங்கயே ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு. நான் அன்னைக்கு லீவு.” அவர் திரையில் ஒரு கோப்பைச் சொடுக்கினார். “இது வெட்டாத முழுப் பதிவு. நாலு நிமிஷம்.”

நாலு நிமிடமும் கேட்டாள். லப், ஸ்ஸ், டப். கடைசியில் மூச்சை இழுத்து விடும் சத்தம், காற்று சுரங்கத்தில் நுழைவதைப் போல. அதற்குப் பிறகு ஒரு குரல். வெளியிலிருந்து வந்த குரல் இல்லை. நெஞ்சின் மேல் கருவி இருக்கும்போதே அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரன் பேசினால், உள்ளேயிருந்து கனத்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருமே, அப்படி ஒரு குரல்.

“ம்ம்… போதும், நிறுத்திடலாம்.”

சோபாவில் அவன் மார்பில் தலை வைத்துப் படுத்திருக்கும்போது அவன் மகளிடம் ஏதாவது சொன்னால் இந்தக் குரல்தான் அவள் காதுக்குக் கேட்கும். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தக் குரலைத் தெரியாது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கழற்றியது கைக்குத் தெரியவில்லை. அதைக் கழற்ற மறுபடியும் காதைத் தடவினாள். மாடித் திருப்பத்தில் நின்ற கைப்பேசி, நகர்த்தப்பட்ட தலை, மின்விசிறிக்குக் கீழே வேர்வை. இரண்டு மாதமாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தன.

“டீ வேணுமா மேடம்?” என்றார் நோட்டண்ணன்.

அன்று மாலை அவள் முன்னதாகவே கிளம்பினாள். மகள் கீழ் வீட்டுத் தோழியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் போகவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜன்னல் திட்டில் பையை வைத்துவிட்டு நின்றாள். ஆறு மணிக்குக் கீழே அவன் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடி வரை சீராக வந்தது. அப்புறம் இழுத்தது. திருப்பத்துக்கு வந்ததும் வழக்கம்போல் கைப்பேசியை எடுத்தான். அப்புறம்தான் அவளைப் பார்த்தான்.

“என்ன இங்க நிக்கற? சாவி இல்லயா?”

“இருக்கு. நீங்க போன் பேசுங்க. நான் காத்திருக்கேன்.”

அவன் கைப்பேசியைப் பார்த்தான். அதன் திரை கறுப்பாகவே இருந்தது. பையில் போட்டுக்கொண்டான்.

“ஒண்ணாவது ஒலியை மாத்தினீங்களா?”

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “நோட்டண்ணன் நோட்டா?”

“நோட்டுதான். நான் உங்களைப் பத்தி என்ன நினைச்சேன் தெரியுமா? என் கம்ப்யூட்டரைத் திறந்து கேள்வியைத் திருடினீங்கன்னு.”

“நானா? அதுல உன் பாஸ்வேர்டு என்னன்னுகூடத் தெரியாது. உன் பிறந்தநாளா?”

“நம்ம கல்யாண நாள்.”

“அட, அது எனக்கு எப்பவும் ஞாபகம் இருக்காதே” என்றான். அவன் முகத்தில் பாதிச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “தப்புதான். சோதனை நடக்கும்போது மாத்தியிருக்கக் கூடாது. ஆனா அடுத்த இருபது பசங்களும் அதையே நல்ல இதயம்னு படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்னு விட முடியல. உன்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அடுத்த கேள்வி கேப்ப. அது யாரு இதயம்னு.”

அவள் கேட்கவில்லை. கேட்கத்தான் நாக்கு துடித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற கேள்வி அது. ஆனால் அவளாக எடுத்துப் போட்டால் மாலை முழுக்க அவன் குற்றவாளியாகவே நிற்பான் என்று தோன்றியது.

“நாளைக்கு எழுதிடுவேன்” என்றாள். “ஒண்ணாவது ஒலியைச் சரிபார்க்காம ஒத்துக்கிட்டது நான். நடுவுல மாத்தினது நீங்க. ஏழாவது கேள்வியைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு எழுதுவேன். அந்த இருபது பசங்களையும் கூப்பிட்டு மறுபடி சொல்லிக் கொடுக்கணும்னும் எழுதுவேன். ரெண்டு பேர் பேரும் இருக்கும்.”

“இருக்கட்டும். உன் பேருக்குப் பக்கத்துல என் பேரு வந்து நாளாச்சு.”

“பாடம் நிக்குமான்னு பெரிய மேடம்தான் சொல்லணும்.”

“நிக்கலன்னா நிக்கல.” அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மேலே இன்னும் பதினெட்டுப் படிகள் இருந்தன. அவன் அவற்றை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான்.

“பக்கத்துத் தெரு டாக்டர் வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போனேன்” என்றான், படிகளிடம் சொல்வதைப் போல. “போர்டைப் படிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். அவர் கேட்டுட்டு ஏதாவது சொல்லி, அதை நான் வந்து உன்கிட்ட சொல்லி… உனக்கு முன்னால வேற யாருக்கோ தெரிஞ்சிருக்கறது எனக்குப் பிடிக்கல. உன்கிட்ட கேக்கலாம்னா, முதல் நாளே கதவைச் சாத்திட்டியே. பெரியப்பா நாக்கு.”

“பெரியப்பா வேற, நீங்க வேற.”

“ஒப்பந்தத்துல அப்படி எழுதலயே.”

முதல் மாடிக் கதவு திறந்து மூடியது. யாரோ காய்கறிப் பையோடு இவர்களைத் தாண்டி ஏறினார்கள். அவன் சுவரோடு ஒட்டி வழி விட்டான். சத்தம் அடங்கும் வரை இருவரும் அந்நியர்கள் மாதிரி நின்றார்கள். அவள் பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த ஸ்டெதஸ்கோப்பின் கறுப்புக் குழாயை அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். பையை மூடவும் இல்லை, அதை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அவன் தொண்டையைச் செருமினான்.

“வீட்டுக்குள்ள வந்துட்டா நீ டாக்டர் இல்ல. சரி. ஆனா நாம இன்னும் வாசலைத் தாண்டல. இது வெறும் மாடிப்படி.”

“ஆமா. வெறும் மாடிப்படிதான்.”

அவன் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. பதினோரு வருடங்களாக நீ என்றே அழைத்தவளை நேராகப் பார்த்தான்.

“டாக்டர், என் நெஞ்சை ஒரு தடவ கேட்டுப் பாக்கறீங்களா?”